டெய்சிக்கு எண்பத்தைந்து டிகிரி

தெரியாத வேலையைத் தெரியும் என்று ஒரு தடவையாவது சொல்லாதவன் எவனும் உத்தியோகத்துக்குப் போயிருக்க மாட்டான். மற்றவர்கள் டைப் அடிக்கத் தெரியும், சுருக்கெழுத்து தெரியும் என்று கௌரவமான பொய்களைச் சொல்லிப் பிழைத்துக்கொண்டார்கள். நான் பாம்பு வளர்க்கத் தெரியும் என்று சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோலாலம்பூரில் ரயில்வே எஞ்சினியர் துரையின் ஆபீசில் தற்காலிகக் கிராணி. (மலாயாவில் அந்த நாளில் குமாஸ்தா என்றால் யாருக்கும் புரியாது. கிராணி என்றால் பெண் கொடுப்பார்கள்.) ரப்பர் விலை விழுந்து ஊரே கன்னத்தில் கைவைத்துக்கொண்டிருந்த காலம். தற்காலிக ஆட்களை ஒவ்வொருவராகக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆபீசில் நாங்கள் மூன்று பேர் தற்காலிகம். ஒருவனுக்கு வேலை நிரந்தரம், மற்ற இருவருக்கும் கப்பல் என்று பேச்சு அடிபட்டது. ஊரிலிருந்து என் அண்ணன் ஒரு கடிதம் போட்டிருந்தான். ‘அங்கேயே எப்படியாவது ஒட்டிக்கொள். இங்கே வந்தால் உனக்கும் சேர்த்து உலை வைக்க அரிசி இல்லை’ என்று அதில் இருந்தது. 

இந்த நிலைமையில் ஒரு திங்கட்கிழமை துரை தன் அறையிலிருந்து வெளியே வந்து எங்கள் மேஜைகளுக்கு நடுவில் நின்றார். அவர் பினாங்குக்குப் போகிறார். சனிக்கிழமை காலை மெயிலில் திரும்பி வருவார். அதற்குள் பங்களாவுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். சமையல்காரச் சீனன் பாம்பைத் தொடவே மாட்டேன் என்கிறான். ஆகையால் உங்களில் யாருக்குப் பாம்பைப் பற்றித் தெரியும் என்று கேட்டார்.

துரை மலைப்பாம்பு வளர்ப்பது எல்லோருக்கும் தெரியும். ஏழடி நீளம், பெயர் டெய்சி. மற்ற இரண்டு தற்காலிகங்களும் குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்கள். நான் எழுந்து நின்றேன்.

“எங்கள் குடும்பமே பாம்பைக் கும்பிடுகிற குடும்பம் சார்” என்றேன். (பொய் இல்லை. அக்கா ஒரு தடவை புற்றுக்குப் பால் ஊற்றியிருக்கிறாள். அதுவும் பாம்பு வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.)

“கும்பிடவெல்லாம் வேண்டாம். சூடாக வைத்திருந்தால் போதும்” என்றார் துரை.

அன்று சாயங்காலம் பங்களாவில் பாடம் நடந்தது. கால்நீட்டிப் படுக்கிற அளவுக்கு நீளமான மரப்பெட்டி. முன்பக்கம் கம்பிவலை. மேலே கீல் போட்ட மூடி. உள்ளே ஒரு தண்ணீர்ச் சட்டி. பெட்டியின் இடதுபக்க மூலையில் கம்பிக் கூண்டுக்குள் ஒரு மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸில் மின்சாரம் கிடையாது என்பதால், துரை அந்த இடதுபக்கத்துக்கு அடியில் தகரம் அடித்து, அதற்குக் கீழே அரிக்கேன் விளக்கு வைக்க ஒரு தட்டும் செய்து வைத்திருந்தார். இடதுபக்கம் எண்பத்தைந்து டிகிரி பாரன்ஹீட். தொண்ணூறு தாண்டக் கூடாது. வலதுபக்கத்தைச் சூடாக்கவே கூடாது. தெர்மாமீட்டரைப் பார்த்துக் காலை எட்டு, பகல் ஒன்று, மாலை ஐந்து என்று மூன்று வேளையும் நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். கோழி தின்று ஒரு வாரம்தான் ஆகிறது, சாப்பாடு வேண்டாம். சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது, செரிக்காவிட்டால் செத்துப்போகும் என்றார். சனிக்கிழமை வரை ஆபீசுக்கு வர வேண்டாம், இதுதான் வேலை என்றும் சொன்னார்.

நான் எல்லாவற்றுக்கும் “யெஸ் சார்” போட்டேன். பாதி வீட்டை மட்டும் சூடாக்குகிற இந்தத் துரைத்தனம் எனக்குப் பிடிபடவில்லை. பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்ற உதவிய மலாய்த் தோட்டக்காரருக்கும் பிடிபடவில்லை. “எங்க கம்பத்துல பாம்புக்கு யாரும் விளக்கு வைக்கிறதில்ல. இருந்தும் குறைஞ்ச பாடில்ல” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். (கம்பம் என்றால் அங்கே கிராமம்.)

வீட்டில் அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சோறு போட்டு, இடம் கொடுத்து வைத்திருந்தது அவளும் அத்தானும்தான்.

“ஏண்டா, வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கிறதுன்னு கேட்டிருக்கேன். நீ வண்டி வச்சுல்ல கொண்டாந்திருக்க!”

“அக்கா, இது உயிரோட இருந்தா எனக்கு வேலை. இது செத்தா எனக்குக் கப்பல்.”

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்தாழ்வாரத்தைக் காட்டினாள். சமையலறைக்கு இந்தப்பக்கம் அது வரக் கூடாது என்று கோடும் கிழித்தாள்.

பெட்டியை அங்கே இறக்கியபோது முதல் தப்பைச் செய்தேன். இடதுபக்கம் சுவரோரம் இருட்டாக இருந்தது. தெர்மாமீட்டரின் எண்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. வெளிச்சம் நன்றாக விழுகிற வலதுபக்கத்தில் அதை எடுத்து மாட்டினேன். தெர்மாமீட்டர் எங்கே தொங்கினால் என்ன, பெட்டி ஒன்றுதானே என்பது என் விஞ்ஞானம்.

இரண்டு நாள் நல்ல வெயில். எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று என்று ஓடியது. வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பார்க்கிறேன், எழுபத்தேழு. டெய்சி இடதுபக்க மூலையில், விளக்குக்கு நேர் மேலே, சும்மாடு மாதிரி சுருண்டு கிடந்தது. அசைவே இல்லை. (அந்த மூலையில் அதற்கு வேண்டிய சூடு பதமாக இருந்தது, அதனால் சுகமாகத் தூங்கியது என்பது இன்று எனக்குத் தெரியும்.) அன்று தெரியாது. சாகிற பாம்பு இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். நாளைக் காலை துரை வந்துவிடுவார்.

“குளிரெடுத்திருக்கு, பாவம்” என்று அக்கா ஒரு கம்பளியைக் கொண்டுவந்தாள். அவளே கம்பின் நுனியில் மாட்டி உள்ளே விட்டுப் போர்த்தினாள். அரை மணி நேரம் காத்திருந்தோம். எழுபத்தேழுதான்.

அந்த நேரம் அத்தான் ராத்திரி வேலை முடிந்து வந்தார். அவர் ரயில் எஞ்சினில் ஃபயர்மேன். கரி அள்ளிப் போடுகிற உத்தியோகம். நெருப்பு சம்பந்தமாக அவருடைய அபிப்பிராயத்துக்கு வீட்டில் எதிர்ப்பேச்சு கிடையாது. கம்பளி போர்த்திய பாம்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏன் மாப்ளே, நெருப்பில்லாத பாய்லருக்குப் போர்வை போட்டா ஸ்டீம் வருமா? அதும் உடம்புல சூடு கிடையாது. வெளியிலருந்துதான் ஏத்தணும். சூட்டை என்கிட்ட விடு. கிள்ளானுக்கு ரயிலையே இழுத்துட்டுப் போறேன், இந்தப் புழுவுக்கா சூடேத்த முடியாது?”

அவர் சொன்னதில் முதல் பாதி முழு உண்மை. அதனால்தான் இரண்டாம் பாதியையும் நம்பினேன்.

அடுப்பில் செங்கல்லைச் சுட்டு, சாக்கில் சுற்றி, வலதுபக்கத்துக்கு அடியில் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று அடுக்கினார். “ஒரு பக்கம் மட்டும் சூடு குடுத்தா மறுபக்கம் விறைச்சுப் போவும்ல? பாவம், பாரபட்சம் பார்க்கலாமா?” என்றார். துரை வேண்டாம் என்று சொன்னாரே என்று நான் இழுத்தேன். “துரைக்குப் பாலம் கட்டத் தெரியும். நெருப்பு எனக்குத்தான் தெரியும்” என்றார். மழைக்காற்று புகாமல் கம்பிவலை மேல் ஒரு கோணியையும் தொங்கவிட்டார்.

எண்பது. எண்பத்தைந்து. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொண்ணூறு. செங்கல்லைக் கொஞ்சம் எடுத்துவிடலாமா என்றேன். “கொதி வர்ற நேரத்துல அடுப்பை அவிக்கிறவன் வெளங்க மாட்டான்” என்றார் அத்தான். பகல் ஒரு மணிக்குத் தொண்ணூற்றெட்டு. டெய்சி விழித்துக்கொண்டது. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடியது. மூக்கைக் கம்பிவலையில் வைத்துத் தேய்த்தது.

“பாத்தியா, தெளிஞ்சிருச்சு!” என்றார் அத்தான். நான் நோட்டில் ‘98. பாம்பு உற்சாகம்’ என்று எழுதினேன்.

பிறகு அது தண்ணீர்ச் சட்டிக்குள் இறங்கியது. ஏழடியையும் மடித்து மடித்து உள்ளே திணித்து, தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. உடம்பு வேகிற பாம்பு தண்ணீரைத் தேடும் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை.

அக்கா அப்போதுதான் எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு, ஈரத் தலையோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே கனிந்துவிட்டது.

“அடி என் ராசாத்தி! வெள்ளிக்கிழமையும் அதுவுமா தலை முழுகுது பாரேன்! பொம்பளப் பிள்ளைன்னா பொம்பளப் பிள்ளைதான்!” என்றாள். அடுத்த நொடி திடுக்கிட்டுப் போனாள். “டேய், மழை நாள்ல முழுகிட்டு ஈரத்தோட விட்டா ஜன்னி கண்டுடும்டா. இரு, சாம்பிராணி போட்டுடலாம்.”

முழுகிய உடம்புக்குச் சாம்பிராணி போடாமல் விடுவது எங்கள் வீட்டில் கொலைக்குற்றத்துக்கு அடுத்தபடி. அக்காவின் தலைமுடியைக் காயவைக்கத் தூபக்காலில் கனல் தயாராக இருந்தது. ஒரு கை சாம்பிராணியை அள்ளிப்போட்டு, மூடியை லேசாகத் தூக்கி, தூபக்காலை உள்ளே இறக்கினோம். புகை வீணாகாமல் இருக்க மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றாள் அக்கா. அழுத்துவதற்கு என்னைவிட உகந்த ஆள் இல்லை. நான் மூடியின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

நிரந்தர உத்தியோகத்தின் மேல் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்தேன். அரை நிமிடம் இருக்கும். கீழேயிருந்து ஒரு தட்டு தட்டியது. பிறகு ஒரு முட்டு. மூன்றாவது முட்டில் கீல் பிய்ந்தது, நான் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தேன். புகைக்கு நடுவில் டெய்சி நிமிர்ந்து ஒரு தடவை எங்களைப் பார்த்தது. “நாகம்மா தாயே!” என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ரயிலை இழுத்த அத்தான் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றார். பாம்பு எங்களை ஒன்றும் செய்யவில்லை. படியிறங்கி, மழையில் நனைந்துகொண்டே, பின்சந்துக்குள் போய் மறைந்தது.

நான் எழுந்து செய்த முதல் காரியம் நோட்டை எடுத்ததுதான். ‘1.20. சாம்பிராணி போடப்பட்டது. பாம்பு இல்லை’ என்று எழுதினேன். இது என் குற்றமில்லை. எங்கள் ஆபீசில் பெரிய கிராணி அப்படிப் பழக்கியிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ‘கட்டம் வெறுமையாக் கிடந்தா அது கள்ளக் கணக்கு’ என்று சொல்லிச் சொல்லி எங்கள் மண்டையில் ஏற்றியவர். நிரந்தரம் யாருக்கு என்பதில் துரை கேட்கப்போவதும் அவருடைய வாய்ச்சொல்லைத்தான். அவருடைய குவார்ட்டர்ஸ் எங்கள் பின்சந்துக்கு நேர் எதிரில் இருந்தது. மலேரியா ஜுரம் என்று அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தார்.

சாக்கடை, விறகுக் கொட்டகை, கோழிக்கூடு எல்லாம் தேடினோம். நனைந்து நடுங்கிக்கொண்டே தேடினேன். மனசுக்குள் அண்ணன் கடிதம் வரி வரியாக ஓடியது. இரண்டு மணி, பாம்பு இல்லை. மூன்று மணி, மேற்படி. நான்கு மணி, மேற்படி. அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். “உன் பொழைப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனேடா” என்று அவள் அழுதபோது எனக்கும் அழுகை வந்தது. அவள் மேல் கோபமே வரவில்லை.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெரிய கிராணியின் மனைவி குடை பிடித்துக்கொண்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“தங்கச்சி, உமக்குப் பெரிய உபகாரம். காலமை தொட்டு நடுக்கம் நடுக்கம் எண்டு கிடந்த மனுசன், இப்ப நல்லா நித்திரை கொள்ளுறார். காலடியிலை ஆரோ சுடுதண்ணிப் பை வைச்சிருக்கினமாம். நான் வைக்கேல்லை. நீர்தானே வைச்சனீர்?”

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தான் போய்ப் பெரிய சாக்கு ஒன்றை எடுத்துவந்தார்.

பெரிய கிராணி இரண்டு கம்பளிக்கு அடியில், மூக்கு மட்டும் தெரிய, பரம சுகமாகப் படுத்திருந்தார். கால்மாட்டில் கம்பளி மேடாக எழுந்திருந்தது. பின்கதவு திறந்தே கிடந்தது. அறை முழுக்கச் சாம்பிராணி வாசம்.

“வா தம்பி” என்றார் கண்ணைத் திறக்காமலே. “என்னைப் பாக்கவே வந்தனீ? நல்ல பிள்ளை. கனவோ நினைவோ தெரியேல்லை, சாம்பிராணி வாசம் வருது. கோயிலுக்கை கிடக்கிற மாதிரி இருக்கு. இந்தப் பையும் நல்ல கனம். எங்கை வாங்கினது? ஒருக்கா அசைஞ்ச மாதிரியும் கிடந்தது.”

“ஐயா, நீங்க அசையாதீங்க” என்றேன்.

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது. எனக்கு என்ன புத்தியோ தெரியவில்லை. பெட்டியிலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்த தெர்மாமீட்டரைக் கை தானாக எடுத்து, கம்பளியின் ஓரத்தில் மெதுவாகச் செருகியது. சற்றுப் பொறுத்து எடுத்துப் பார்த்தேன். எண்பத்தாறு. துரை கேட்டதற்கு ஒரே ஒரு டிகிரி கூடுதல். நாலு நாள் அரிக்கேன் விளக்கும் நாலு செங்கல்லும் ஒரு ஃபயர்மேனும் சேர்ந்து கொண்டுவர முடியாத பதத்தைப் பெரிய கிராணியின் ஜுரம் தனியாகக் கொண்டுவந்திருந்தது.

அத்தான் சாக்கின் வாயை விரித்தார். நான் கம்பளியை விலக்கினேன். டெய்சி நிதானமாகத் தலையைத் தூக்கியது. அந்த நேரம் பார்த்துப் பெரிய கிராணியும் கண்ணைத் திறந்தார்.

அடுத்து நடந்ததை நான் பார்த்தேன் என்றாலும் இன்றுவரை எப்படி என்று விளங்கவில்லை. காலையிலிருந்து ஜுரத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த மனிதர், வேட்டியைப் படுக்கையிலேயே விட்டுவிட்டு, அலமாரியின் உச்சியில் இருந்தார். “முருகா, முருகா!” என்ற சத்தம் மட்டும் கேட்டது. அவர் மனைவி வாசலில் குடையை விரித்தபடியே நின்றாள். டெய்சி எந்த எதிர்ப்பும் இல்லாமல் சாக்குக்குள் போயிற்று. அன்றைக்குப் பிறகு அவருக்கு மலேரியா வரவில்லை. வந்திருந்தாலும் அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை துரை வந்தார். பாம்பைத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தார். பிறகு நோட்டைக் கேட்டார். பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று முந்தின ராத்திரி முழுக்க யோசித்தவன்தான். கை வரவில்லை, கொடுத்துவிட்டேன்.

அவர் வெள்ளிக்கிழமையை இரண்டு தடவை படித்தார். ‘பாம்பு குளித்தது. சாம்பிராணி போடப்பட்டது. பாம்பு இல்லை. மேற்படி. மேற்படி. 5 மணி: 86. பாம்பு உண்டு. இடம்: பெரிய கிராணியின் படுக்கை.’ பிறகு ஜன்னலோரம் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. பாம்புக்காக அழுகிறார் என்று நினைத்து நானும் தலையைக் குனிந்துகொண்டேன். திரும்பியபோது அவர் முகம் சிவந்திருந்தது, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தெர்மாமீட்டரைக் குளிர்ந்த பக்கத்தில் மாட்டியிருக்கிறாய்” என்றார். “சூடு வேண்டும்போது பாம்பு தானாக அந்தப் பக்கம் போகும். போதும் என்றால் இந்தப் பக்கம் வரும். அதற்குத்தான் இரண்டு பக்கம். நீ சூட்டைக் கொடுத்தாய், விலகிப்போக இடம் கொடுக்கவில்லை.” அதைச் சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை பெரிய கிராணியை உள்ளே கூப்பிட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். கப்பல் நாற்றம்கூட மூக்குக்கு வந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். என்னிடமிருந்து நாலு முழம் தள்ளியே நின்றார்.

“தம்பி, உன்ரை வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிப்போட்டன். பொய் எழுதாதவன், ஒரு கட்டமும் வெறுமையா விடமாட்டான் எண்டு உள்ளதைச் சொன்னனான். கிள்ளான் கூட்ஸ் ஆபீசிலை இடம் இருக்கு. அங்கை போய் நல்லா இரு.” இன்னும் ஒரு முழம் தள்ளிப் போய், “அங்கையே இரு” என்றார்.

பின்பக்கம் கரிக்குவியலுக்கு மறைவாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது, பயம் இறங்கின அழுகை. அங்கேயே இரு என்றதை அப்படியே எடுத்துக்கொண்டு, வேலையில் இருந்த காலம் முழுக்க நான் கிள்ளானை விட்டு அசையவில்லை.

கிள்ளானில் இரண்டு வருஷம் கழித்து ருக்மணியின் அப்பா எனக்குப் பெண் கொடுக்க யோசித்தார். பையன் எப்படி என்று என் பழைய ஆபீசுக்கு எழுதிக் கேட்டார். பெரிய கிராணி கைப்பட எழுதிய பதில் இரண்டே வரி: ‘மிகவும் நல்ல பிள்ளை, தாராளமாகப் பெண் கொடுக்கலாம். ஆனால் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் கண்டால் இவரைக் கிட்ட விட வேண்டாம்.’

காரணம் எழுதவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான்தான் சொன்னேன். ருக்மணி சிரித்த சிரிப்பில் மாமனார் வீட்டுக் கூரை பறந்தது, ஆனாலும் அந்த இரண்டாவது வரியை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு உடம்பு சுட்டால் முதலில் என்னை வெளியே அனுப்புவாள், அப்புறம்தான் டாக்டருக்கு ஆள் அனுப்புவாள். மூன்று பிள்ளைகளின் அம்மை, இரண்டு பேரின் டைபாய்டு, ஏழு பேரப்பிள்ளைகளின் சளிக்காய்ச்சல் எல்லாவற்றையும் நான் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்தே கழித்திருக்கிறேன். இப்போது பேரன்களே கைவைத்துப் பார்த்துவிட்டு, “தாத்தா, நூறு காட்டுது. நீங்க கிளம்புங்க லா” என்கிறார்கள்.

போன மாதம் எனக்கே காய்ச்சல் வந்தது. ருக்மணி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.  பிறகு மருமகளைக் கூப்பிட்டு, “இப்ப இவர்கிட்டருந்து இவரை எங்கம்மா கொண்டுபோய் வைக்கிறது?” என்று கேட்டாள்.